பேட்டர்னுக்குக் காசா?

பின்னல் தெரிந்த பெண்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: கை நன்றாக ஓடுகிறதா, குழந்தை ஸ்வெட்டரோ பொம்மையோ பின்னி விற்று நாலு காசு பார், பேட்டர்ன் எழுதி விற்கிறேன் என்று கிளம்பாதே. ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொல்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் நூல் வாங்கப் போனால் கடைக்காரரும் சொல்கிறார். ஊசியைத் தொட்டே பார்க்காத சித்தப்பா, பெரியப்பாக்களும் சொல்கிறார்கள். நான் பேட்டர்ன் எழுதி விற்பவள். இந்தப் புத்திமதி தவறு என்பது என் கட்சி. கைவேலை செய்யும் பெண்ணைக் காலமெல்லாம் உருப்படிக் கூலியிலேயே நிறுத்தி வைப்பதும் இதே புத்திமதிதான்.

பேட்டர்ன் என்பது ஓர் ஆடையையோ பொம்மையையோ இன்னொருவர் தன் கையால் பின்னிக்கொள்வதற்காக எழுதிய செய்முறை. எந்த நூல், எத்தனை கிராம், எந்த அளவு ஊசி, எத்தனை கண்ணி போட்டுத் தொடங்குவது, எந்த வரிசையில் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று முதல் கண்ணியிலிருந்து கடைசி முடிச்சு வரை அதில் இருக்கும். கட்டம் போட்ட வரைபடமும் அளவுப் படமும் கூடவே வரும். எந்த நூல் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லாமல், தானே யோசித்து, தானே எழுதி, தன் பெயரில் விற்பவர் தனி டிசைனர்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். இது குளிர்ப் பிரதேசம் இல்லை. உள்ளூரில் பின்னுகிறவர்கள் குறைவு. அவர்களில் பேட்டர்ன் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. பின்னிய பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவார்கள். ஒரு பிடிஎஃப் கோப்பை எதை நம்பி வாங்குவார்கள்? யூடியூபில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. கோலமும் ஒயர்கூடையும் பாட்டி, அத்தை, பக்கத்துவீட்டு அக்கா என்று கைமாறி வந்தவை. அவற்றுக்கு யாரும் காசு வாங்கியதில்லை. டிசைனர் என்று சொல்லிக்கொள்ள ஒரு படிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மாதா மாதம் நம்பி இருக்கக்கூடிய வருமானம் இல்லை. இதைச் சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கடைசி வாதத்தில் கணிசமான உண்மையும் இருக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

1. வெயில் ஊரில் பின்னலுக்கு என்ன வேலை?

சட்டைக்குள் போட்டிருக்கும் பனியனைக் கழற்றிப் பாருங்கள். அது தறியில் நெய்த துணி அல்ல, பின்னிய துணி. ஒரே நூலை வளைத்துக் கண்ணியாக்கி, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்து உருவாக்கியது. டி-ஷர்ட்டும் அப்படித்தான், காலுறையும் அப்படித்தான். டி-ஷர்ட்டின் வெளிப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் நிட் கண்ணிகள் வரிசையாகக் கீழ்நோக்கிக் கூர்ந்து நிற்பது தெரியும். உள்பக்கம் பர்ல் கண்ணியின் மேடுகள். ஆலை எந்திரமும் என் இரண்டு ஊசிகளும் செய்வது ஒரே வேலை. பின்னல் என்பது துணிக்கு நெகிழ்வு தருகிற ஓர் அமைப்பு. சூடா குளுமையா என்பதை நூலும் கண்ணியின் இடைவெளியும் முடிவு செய்யும். கம்பளியில் நெருக்கிப் பின்னினால் குளிர் தாங்கும். பருத்தியில் துளை விட்டுப் பின்னினால் சித்திரை மாதத்தில் ஜிஎஸ்டி சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் போட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் இருக்கிற மாநிலத்தில், பின்னல் நமக்கு ஒட்டாத வேலை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

ஊசியும் நம்முடையது. ‘போனி’ ஊசிகள் நீலகிரியில் கேத்தியில் உள்ள ஆலையில் உருவாகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பின்னுகிறவர்கள் விரும்பி வாங்கும் ‘நிட்புரோ’ ஊசிகளும் இந்தியத் தயாரிப்புதான். கைகளுக்கும் பஞ்சமில்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழு அது. பலர் வீட்டில் உட்கார்ந்து போட்ட சதுரங்களை இணைத்து அவ்வளவு பெரிய போர்வை ஆயிற்று. குரோஷா ஒற்றைக் கொக்கி ஊசி வேலை, நிட்டிங் இரட்டை ஊசி வேலை. இரண்டுக்கும் பேட்டர்ன் எழுதுகிற முறையும் விற்கிற முறையும் ஒன்றே.

நூல் இங்கே இருக்கிறது, ஊசி இங்கே இருக்கிறது, கையும் இங்கே இருக்கிறது. எழுத்தை மட்டும் வெளிநாட்டிலிருந்து இறக்கிக்கொள்கிறோம். வாங்குபவர் ஊரப்பாக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் பனியில் நடக்கிற தமிழர்கள் இருக்கிறார்கள். பேட்டர்னைத் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை, சுங்கமும் கட்ட வேண்டியதில்லை.

2. பொருளைப் பின்னி விற்பதுதான் லாபம் என்பவர்கள் கணக்குப் போட்டதில்லை.

நான் போட்டுக் காட்டுகிறேன். ஒரு குழந்தை ஸ்வெட்டரை 900 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கைவேலைக் கண்காட்சியில் அந்த விலைக்கே பேரம் பேசுவார்கள். நூலுக்கும் பொத்தானுக்கும் 350 போனால் மீதி 550. பின்னவும், துண்டுகளை இணைக்கவும், நூல் முனைகளை உள்ளே செருகவும் 20 மணி நேரம். மணிக்கு 27 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேரத்துக்கு 220 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அரசாங்கம் அந்த வேலைக்கு வைத்த கூலியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பின்னல் தெரிந்த கை விலைபோகிறது.

இந்தக் கணக்கின் கொடுமை தொகையில் மட்டும் இல்லை, அது மாறவே மாறாது என்பதில் இருக்கிறது. நூறாவது ஸ்வெட்டருக்கும் அதே 20 மணி நேரம். கை பழகி ஒன்றிரண்டு மணி நேரம் குறையலாம். அதற்குள் மணிக்கட்டு வலி வந்துவிடும். ஆர்டர் கூடினால் தூக்கம் குறையும், கூலி விகிதம் உயராது.

இது ஊகம் அல்ல, நடந்த வரலாறு. ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலை முழுவதையும் முடித்துவிட்டு, அதற்கு மேலும் பல மணி நேரம் லேஸ் போட்ட பெண்களை ஊரும் வியாபாரிகளும் வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள் என்றே கணக்கிட்டதை அவர் எழுதினார். சும்மா இருக்கிறவள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று ஆக்கிவிட்டால் அதற்கு முழுக் கூலி கொடுக்க வேண்டாம் அல்லவா? லாபம் ஏற்றுமதி செய்த ஆண்கள் கைக்குப் போயிற்று. ‘பொழுதுபோக்காகப் பின்னி நாலு காசு பார்’ என்று இன்று அன்போடு சொல்லும்போது, அதே ஏற்பாட்டைத்தான் நம் வீட்டுக்குள் கூட்டி வருகிறோம். நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஊரின் பெயரை அது காக்கும். எந்த வடிவத்தை எந்தப் பெண் யோசித்தாள் என்பதை அது பதிவு செய்வதில்லை.

பொருள் பின்னி விற்பதால் யாருக்கும் நன்மை விளைந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் கற்றுக்கொடுத்தபோது, அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு பதிவு செய்திருக்கிறது. கைக்கூலி ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் அது இருநூறு ஆண்டுக்கு முந்தைய முதல் படி. இன்றும் அதே படியில் நின்றுகொள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

3. ‘அது வெறும் தாள்தானே’ என்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

பேட்டர்ன் எழுதுவது என்றால் பின்னியதை நினைவுபடுத்திக் குறித்துவைப்பது என்று நினைக்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒரு சாதாரணப் பருத்தி மேல்சட்டையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மாதிரித் துண்டு. பத்து செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி விழுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் கேஜ் என்று பெயர். துவைத்து, காயவைத்து, அதன் பிறகுதான் அளக்க வேண்டும், பருத்தி சுருங்கும் என்பதால். 22 கண்ணி வருகிறது என்று கொள்வோம். மார்புச் சுற்றளவு 90 செ.மீ. உள்ளவருக்கு 8 செ.மீ. தளர்வு வைத்தால் சட்டை 98 செ.மீ. கணக்குப்படி 215.6 கண்ணி. பின்னல் பூ வேலையோ 12 கண்ணிக்கு ஒரு முறை திரும்புகிறது. வட்டமாகப் பின்னினால் மொத்தக் கண்ணி 12ஆல் வகுபட வேண்டும். 216 வகுபடுகிறது, 18 பூ. நல்லதாயிற்று.

அடுத்த அளவு, மார்பு 100 செ.மீ. அதே தளர்வுக்கு 108 செ.மீ., 237.6 கண்ணி. 12ஆல் வகுபடும் எண்கள் 228, 240. 228 வைத்தால் சட்டை 103.6 செ.மீ., உடம்போடு ஒட்டும். 240 வைத்தால் 109.1 செ.மீ., கொஞ்சம் தாராளம். எதைத் தேர்ந்தெடுப்பது? அந்தச் சட்டை எப்படித் தொங்க வேண்டும் என்று மனதில் ஒரு தீர்மானம் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதைத்தான் டிசைன் என்கிறேன். இப்படி எட்டு, ஒன்பது அளவுகள். மார்பு பத்து செ.மீ. கூடினால் தோள் பத்து செ.மீ. கூடாது, கை நீளமும் கூடாது. அக்குள் ஆழம் கொஞ்சம் கூடும், கழுத்து அதைவிடக் கொஞ்சமாகக் கூடும். ஒவ்வோர் அளவிலும் குறைத்தல்களை இத்தனை வரிசைக்கு ஒன்று என்று பகிர்ந்து, பூ வேலை வெட்டுப்படாமல் கொண்டுபோக வேண்டும். பின்னுகிறவரின் கை சற்றுத் தளர்ந்து, 22க்குப் பதில் 20 கண்ணி விழுந்தால் அதே 216 கண்ணிச் சட்டை 108 செ.மீ. ஆகிவிடும். அந்த ஆபத்தை முதல் பக்கத்திலேயே எச்சரிக்க வேண்டும்.

இதன் பிறகு எண்களைச் சரிபார்க்கும் டெக் எடிட்டருக்குப் போகும். பிறகு வெவ்வேறு உடம்பளவு உள்ளவர்கள் அதைப் பார்த்துப் பின்னிச் சொல்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்காமல், என் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் முடிக்க முடிகிறதா என்பதே சோதனை.

இதன் அருமை தமிழ் வீட்டுக்குத் தெரியாததா? ‘15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை’ என்று ஒரு வரி எழுதினால் மதுரையில் இருப்பவரும் மலேசியாவில் இருப்பவரும் ஒரே புள்ளி அமைப்பைத் தரையில் வைத்துவிடுகிறார்கள். ஒரு முழு வடிவத்தின் அடித்தளத்தையும் நாலைந்து சொல்லில் அடக்குகிற குறியீட்டு முறை அது. ஊரப்பாக்கத்திலிருந்து மின்ரயிலில் சில நிலையங்கள் தள்ளி, தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக ஆராய்ந்தார்கள். 1974இல் அது சர்வதேச ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. பெண்கள் வாசலில் போடுவதில் இலக்கணம் இருக்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு முன் கணித அறிஞர்கள் கண்டுகொண்டார்கள். பின்னல் பேட்டர்னும் அதே இனம்: தொடக்கம், திரும்பும் விதி, நிறுத்தும் இடம். இதை வெறும் தாள் என்றால் கணினி நிரலும் வெறும் எழுத்துதான். எங்கள் தெருவில் நிரல் எழுதுகிறவர்கள் பலர். அவர்களிடம் ‘இதற்கா சம்பளம்’ என்று யாரும் கேட்பதில்லை.

4. பின்னாமலே எப்படிச் சம்பாதிப்பது என்று கேட்கிறார்கள்.

மாமல்லபுரம் இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கேட்கிறார்கள். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தச் சிலையின் கல் ஒவ்வொன்றையும் அவரே கொத்தவில்லை; பெரும் சிற்பிப் பட்டாளம் கொத்தியது. அளவும் விகிதமும் வரைபடமும் அவருடையவை. 2000 ஜனவரி 1 அன்று சிலை திறக்கப்பட்டபோது, ‘வரைந்துதானே கொடுத்தார்’ என்று யாரும் அவர் பெயரைக் குறைத்துப் பேசவில்லை. கல்லில் அளவு சொல்பவருக்கு ஸ்தபதி என்ற பட்டமும் மரியாதையும் உண்டு. நூலில் அளவு சொல்பவளுக்கு மட்டும் ஏன் கிடையாது? வேலை கடினம் குறைவு என்பதாலா, அதைச் செய்பவள் வீட்டில் இருக்கிறாள் என்பதாலா?

5. இலவசம் என்று நாம் நினைப்பது இலவசமாக இருந்ததே இல்லை.

நூல் பந்தின் சுற்றுத்தாளில் பேட்டர்ன் அச்சிட்டிருக்கும். வாங்கியவருக்குத் தனியாகக் காசு இல்லை. அந்தப் பேட்டர்னின் விலையை நூலின் விலையில் ஏற்றியிருக்கிறார்கள். மார்கழி பிறந்தால் பெண்கள் இதழ்களோடு கோலப் புத்தகம் இணைப்பாக வரும். அதன் செலவு இதழின் விலையிலும் விளம்பரத்திலும் இருக்கிறது. யூடியூப் காணொளிக்கு விளம்பரக்காரர் கொடுக்கிறார். எல்லா இடத்திலும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். வடிவத்தை யோசித்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. நூல் கம்பெனிக்குப் பேட்டர்ன் விளம்பரச் செலவு. நூல் எவ்வளவு அதிகம் தீர்கிறதோ அவ்வளவு நல்ல பேட்டர்ன் என்பது அவர்கள் கணக்கு. பின்னுகிறவருக்கு எது வசதி என்பது இரண்டாம்பட்சம்.

இந்த முரண்பாட்டால் தனி டிசைனர் ஆனவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் ஸ்வெட்டரைக் குழாய் போல வட்டமாகப் பின்னும்படி செய்முறை எழுதிக் கொடுத்தார். தையல் இல்லை, பர்ல் வரிசை இல்லை; அதுதான் அந்த ஸ்வெட்டரின் சிறப்பே. வெளியிட்ட நூல் நிறுவனம் அதை வழக்கம்போல் முன் துண்டு, பின் துண்டு என்று மாற்றி அச்சிட்டுவிட்டது. அவர் 1958இல் சொந்தமாகச் செய்திமடல் தொடங்கினார். தன் செய்முறையைத் தன் சொல்லில் எழுதித் தானே விற்றார். உடம்பின் சுற்றளவுக் கண்ணி எண்ணிக்கையை நூறு சதவீதமாக வைத்துக் கை, கழுத்து, மணிக்கட்டு எல்லாவற்றையும் அதன் சதவீதமாகக் கணக்கிடும் அவருடைய முறையை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நூல் கம்பெனியின் இலவசத் தாளிலேயே அவர் நின்றிருந்தால் அந்த முறை அவர் பெயரோடு நமக்கு வந்து சேர்ந்திருக்குமா?

6. பகிர்ந்துகொள்வது நம் மரபு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே அதை நீளமாக மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒயர்கூடையில் நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண் பின்னலும் யாருக்கும் சொந்தமில்லை. எனக்கு நிட்டும் பர்லும் சொந்தமில்லை, கேபிள் முறுக்கும் சொந்தமில்லை. கண்ணிகள் எல்லோருக்கும் பொது; அப்படியே இருக்கட்டும். பக்கத்துவீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தால் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன், காசு கேட்கமாட்டேன். ஆனால் ஒருவர் மாதக்கணக்கில் எட்டு அளவுக்குக் கணக்குப் போட்டு எழுதிய கோப்பை இருநூறு பேர் உள்ள குழுவில் தூக்கிப் போடுவதற்கும் பகிர்தல் என்றே பெயர் வைக்கிறார்கள். முதலாவதில் கொடுப்பவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். இரண்டாவதில் அடுத்தவர் உழைப்பை எடுத்துக் கொடுக்கிறார், அவரைக் கேட்காமலே.

சட்டமும் இந்த எல்லையைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. எழுத்தும் வரைபடமும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியருடையவை. எழுதி முடித்ததுமே உரிமை உண்டு, பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆடையின் தோற்றத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் அது 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டிய வேறு விவகாரம். பின்னும் உத்தியை யாரும் பூட்டிவைக்க முடியாது, என்னாலும் முடியாது. நான் விலை கேட்பது என் எழுத்துக்கு.

மரபு என்று பேசுகிறவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியையும் திறந்து பார்க்கலாம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை வெளியிட்டார். சாம்பார் அவர் கண்டுபிடித்தது அல்ல, ரசமும் அல்ல. எல்லாம் வழிவழியாகக் கைமாறி வந்தவை. அவர் செய்தது, பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாத ஒரு புதுப்பெண் தனியாக நின்று சமைக்கும்படி அளவும் வரிசையும் எழுதியது. அதை விலைக்குத்தான் விற்றார். சீர்வரிசையோடு வைத்துக்கொடுக்கும் புத்தகமாக அது பல தலைமுறை கண்டது. சமையல் பொதுச்சொத்து, அதற்கு எதற்குப் புத்தகம் என்று தமிழ்நாடு அன்று சொல்லவில்லை, வரிசையாக வாங்கியது. பின்னலுக்கு அதே நியாயத்தைக் கேட்கிறேன்.

7. படிப்பு இல்லாமல் டிசைனரா?

சென்னை தரமணியில் இருக்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. படிக்க முடிந்தவர்கள் படிக்கட்டும். ஆனால் பேட்டர்னை வாங்குகிறவர் சான்றிதழைப் பார்ப்பதில்லை. சட்டை பொருந்துகிறதா என்று பார்க்கிறார். வேண்டியது பத்தாம் வகுப்புக் கணக்கு, கணினியில் ஒரு விரிதாள், சந்தேகம் வராமல் வாக்கியம் எழுதும் பொறுமை. குழந்தை பிறந்த பிறகு பொறியியல் வேலையை விட்டு வந்து, அந்த மூளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் வண்டலூரிலிருந்து மறைமலைநகர் வரை அடுக்குமாடிக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுக்கு ‘பொம்மை பின்னி விற்கலாமே’ என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆங்கிலம் வராதே என்பார்கள். ஜப்பானியப் பின்னல் புத்தகங்களை ஒரு ஜப்பானிய எழுத்தும் தெரியாதவர்கள் உலகமெங்கும் பார்த்துப் பின்னுகிறார்கள், கட்ட வரைபடம் அவ்வளவு தெளிவாக இருப்பதால். தமிழில் எழுதி, வரைபடத்தை உலகக் குறியீட்டில் போடலாம். தமிழில் அளவு பிரித்து எழுதிய பேட்டர்ன்கள் மிகக் குறைவு. அந்த இடம் காலியாக இருப்பதைத் தடை என்கிறார்கள், நான் வாய்ப்பு என்கிறேன்.

8. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடும் என்பது புதிதாகச் சேர்ந்த வாதம்.

2018இல் ஜானெல் ஷேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு நரம்பணு வலையமைப்புக்குப் பின்னல் பேட்டர்ன்களைக் கற்பித்து எழுதவைத்தார். பின்னல்காரர்கள் அவற்றைப் பின்னிப் பார்த்தார்கள். கண்ணி எண்ணிக்கை ஒத்துவராமல் அவர்களே திருத்திக்கொண்டுதான் முடிக்க வேண்டியிருந்தது. எந்திரம் அதன்பின் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆனாலும் பருத்தி நூல் துவைத்த பின் எவ்வளவு சுருங்குகிறது, தோளில் எங்கே இழுக்கிறது என்பதை நூலைப் பின்னி, போட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

9. நிரந்தர வருமானம் இல்லை என்பது உண்மை. அதை முழுதாகச் சொல்கிறேன்.

ஒரு பேட்டர்னுக்கு 120 மணி நேரம் உழைப்பு, எடிட்டருக்கும் புகைப்படத்துக்கும் மாதிரி நூலுக்கும் 8,000 ரூபாய் செலவு, கட்டணங்கள் போக ஒரு பிரதிக்கு 250 ரூபாய் கையில் என்று வைத்துக்கொள்வோம். 32 பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். 40 பிரதியோடு நின்றால் மணிக்கு 17 ரூபாய்கூடத் தேறாது. ஸ்வெட்டர் பின்னியவளைவிட மோசம். நூறு விற்றால் மணிக்கு சுமார் 142 ரூபாய். நூறாவது பிரதிக்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றும் அந்த விகிதத்தை உயர்த்தும். முதல் பேட்டர்னே நூறு விற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே சம்பள வேலையில் இருப்பவர் அதை விட்டுவிட்டு வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு தொழிலிலும் நிச்சயமில்லாத தன்மை உண்டு. ஒன்றில் நாளைக்கும் மணிக்கு 27 ரூபாய் 50 காசுதான் என்பது மட்டும் நிச்சயம்.

இதே இடத்தில் எங்கள் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டத்தையும் மறுக்க வேண்டும். ஒருமுறை எழுதிப் போட்டுவிட்டால் தூங்கும்போதும் பணம் கொட்டும் என்று வகுப்பு நடத்திப் பெண்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். அந்த ஆசை வார்த்தையும் ‘அது வெறும் தாள்’ என்ற ஏளனமும் ஒரே அறியாமையிலிருந்து வருகின்றன. இரண்டுமே வேலையைப் பார்ப்பதில்லை. பேட்டர்ன் விற்ற நாளில் வேலை முடிவதில்லை. ஒருவர் நான்காவது அளவில் கைக் குறைப்பு இடிக்கிறது என்று எழுதுவார். இன்னொருவர் இந்த நூல் கிடைக்கவில்லை, வேறு எது போடலாம் என்பார். கேள்வி சரியாக இருந்தால் அன்றே எண்ணைத் திருத்தி, ஏற்கெனவே வாங்கிய அத்தனை பேருக்கும் திருத்திய பிரதியை அனுப்ப வேண்டும், கூடுதல் காசு இல்லாமல், வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தாலும். இலவசக் காணொளியில் கண்ணி குறைந்து, பாதிச் சட்டையோடு நிற்பவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. விலை வாங்கியவளுக்கு அந்தக் கடமை இருக்கிறது.